கவருக்குள் கவர்

எங்கள் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருக்கிறது. ஆணியில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக் கவர். அதற்குள் சின்னச் சின்னதாய் இன்னும் கவர்கள். உங்கள் வீட்டில் ஆணிக்குப் பதிலாக பிரிட்ஜின் தலையிலோ, அரிசி டிரம்முக்குப் பின்னாலோ, மெத்தைக்கு அடியிலோ இருக்கலாம். ஆனால் அப்படி ஒன்று இல்லவே இல்லாத வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

போன வருடம் பொங்கலுக்கு முன்னால் வீடு ஒதுக்கும்போது எனக்குக் கொடுத்த வேலை பரணைத் துடைப்பது. கொஞ்சம் ஆர்வக்கோளாறில் ஆணிக் கவரையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன். 'எதுக்கும்மா இந்தக் குப்பையெல்லாம்' என்று ஒரு வசனம் வேறு. அம்மா திட்டவில்லை. தெருமுனை வரை போய், குப்பை வண்டி வருவதற்குள் அதை எடுத்து வந்து, கூடத்தில் கொட்டி, உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டாமல் மடித்ததுதான் உறுத்தியது. சமாதானம் செய்யப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் மடித்தேன். மொத்தம் 147.

இந்த 147-ம் எங்கிருந்து வந்தன, ஏன் நம் வீட்டுப் பெண்களுக்கு இதைத் தூக்கிப் போட மனசு வருவதில்லை என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தேன். கல்லூரியில் இதற்கு மதிப்பெண் கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன் :-)

முதலில் மடிப்பு. அம்மா கவரைத் தரையில் விரித்து, உள்ளங்கையால் அடியிலிருந்து மேலே தடவிக் காற்றை வெளியேற்றுவார். காற்று போகாவிட்டால் எப்படி மடித்தாலும் உப்பிக்கொள்ளும். பிறகு நீளவாக்கில் இரண்டாக, நாலாக மடித்து ஒரு பட்டை. அடியில் ஒரு மூலையை எடுத்து முக்கோணமாக மடித்து, அந்த முக்கோணத்தையே புரட்டிப் புரட்டிக் கைப்பிடி வரை கொண்டுபோய், மீதி வாலை உள்ளே செருகிவிட வேண்டும். சமோசா மாதிரி ஆகிவிடும். ஜப்பானிலும் இதே முக்கோண மடிப்பு இருக்கிறதாம். அங்கே 2020 ஜூலை 1 முதல் கடைகளில் பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் கட்டாயமான பிறகும் பழக்கம் போகவில்லை. அம்மாவுக்கு ஜப்பானைப் பற்றி எதுவும் தெரியாது. சின்னம்மா சொல்லிக் கொடுத்தது என்றார். அப்பத்தாவுக்கு இந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. நடுவில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். அவர் போய் நாலு வருடமாகிறது. 147-இல் ஏழு முடிச்சுகள் இன்னும் இருந்தன. அம்மா அவற்றைப் பிரிக்கவில்லை, அப்படியே உள்ளே வைத்துவிட்டார்.

மடித்து எடுத்து வைக்கும் பழக்கம் பிளாஸ்டிக்கோடு வந்தது இல்லை. அப்பத்தா சொன்ன கதைகளில் மளிகைக் கடை என்றால் பழைய பேப்பர் பொட்டலமும் நூலும்தான். பொட்டலத்தைப் பிரித்ததும் நூலைச் சுற்றி உருண்டையில் சேர்ப்பார்கள். பேப்பரை நீவி அலமாரித் தட்டில் விரிப்பார்கள். எண்ணெய்க்குப் பாட்டில், பாலுக்குத் தூக்குவாளி, பூவுக்கும் பலகாரத்துக்கும் இலை. எல்லாவற்றையும் தூக்கிவர ஒரு மஞ்சப்பை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த பை, நிறம் போய், காது அறுந்து, தைத்து, கடைசியில் கரித்துணியாகும் வரை ஓடும். வெளியிலிருந்து உள்ளே வந்த எதுவும் சும்மா வெளியே போகாது என்பதுதான் அந்த வீடுகளின் கணக்கு. பிற்பாடு கவர் வந்தபோது அதே கணக்கில் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

சரி, கவர் எப்படி வந்தது?

பாலிதீன் ஒரு தற்செயல். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் நார்த்விச் என்ற ஊரில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட் என்ற இரண்டு பேர் எத்திலீன் வாயுவை இன்னொரு வேதிப்பொருளோடு சேர்த்து, மிக அதிக அழுத்தத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. கலத்தைத் திறந்தால் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மறுபடி செய்து பார்த்தபோது சரியாக வரவில்லை, சில சமயம் வெடித்தது. 1935-இல் மைக்கேல் பெர்ரினும் கூட்டாளிகளும் செய்தபோது கருவியில் ஒரு கசிவு. அதை ஈடுகட்ட உள்ளே விட்ட வாயுவில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்திருந்தது. அந்த ஆக்சிஜன்தான் வினையை ஓட்டியது. ஓட்டைப் பாத்திரத்தால் வந்த அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1939-இல் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. போர்க்காலத்தில் அது போனது கடைக்கு அல்ல, ராடார் கருவிகளின் கேபிளுக்கு மேலுறையாக.

இந்த முதல் பாலிதீன் மெத்தென்று இருக்கும். இன்றைய பால் கவர் இந்த மெத்து வகையைச் சேர்ந்தது. நாம் கடையில் வாங்கும், தொட்டால் 'சரசர'வென்று சத்தம் போடும் கவர் வேறு வகை, அடர்த்தி கூடிய பாலிதீன். 1953-இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர், பெரிய அழுத்தம் இல்லாமலே அதைத் தயாரிக்கும் வினையூக்கியைக் கண்டுபிடித்தார். அதற்காக 1963-இல் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த முறை அடுப்படியில் யாராவது சரசரக்கும்போது ஒரு நோபல் பரிசு சரசரக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

பொருள் வந்துவிட்டது. பை? இங்கே காகிதப் பைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அமெரிக்காவில் மார்கரெட் நைட் என்ற பெண்மணி தட்டையான அடி உள்ள காகிதப் பையை மடித்து ஒட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அவருடைய யோசனையைத் திருடிக் காப்புரிமை கேட்ட ஒருவரோடு வழக்காடி ஜெயித்து, 1871-இல் காப்புரிமை வாங்கினார். 1883-இல் சார்லஸ் ஸ்டில்வெல் பக்கவாட்டில் உள்வாங்கும் மடிப்பைச் சேர்த்தார். அதனால் பையைத் தட்டையாக அடுக்கி வைக்கவும் முடிந்தது, ஒரு உதறலில் விரிக்கவும் முடிந்தது.

இப்போது நம் கதாநாயகர். ஸ்டென் குஸ்தாவ் துலின், சுவீடனின் நார்ச்சோப்பிங் நகரில் செல்லோபிளாஸ்ட் என்ற நிறுவனத்தின் பொறியாளர். ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள், அகலமான மெல்லிய குழாய். அதன் இரு பக்கங்களையும் உள்ளே மடக்கித் தட்டையாக்கி, மேலும் கீழும் சூட்டில் ஒட்டி, மேல் பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டால் இரண்டு காதுகள் உள்ள பை தயார். பக்கவாட்டில் தையல் இல்லை, கைப்பிடி தனியாக ஒட்டவில்லை. பனியன் மாதிரி இருப்பதால் ஆங்கிலத்தில் டி-ஷர்ட் பை என்கிறார்கள். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1965-இல் வழங்கப்பட்டது. சில கிராம் எடையுள்ள பை, தன்னைப் போல் ஆயிரம் மடங்கு எடையைத் தூக்கும்.

இதைப் படித்துவிட்டு ஆணியிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் அந்த உள்மடிப்பின் கோடு அப்படியே இருந்தது. அம்மா நீளவாக்கில் மடிக்கும்போது அவர் விரல் போவது அந்தக் கோட்டின் மேல்தான். தொழிற்சாலை எப்படி மடித்து அனுப்பியதோ அந்த நிலைக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோகிறார். எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. அம்மா 'அதான் அப்படி மடிச்சா ஒழுங்கா வருது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. துலினின் மகன் 2019-இல் ஒரு பேட்டியில் சொன்னது: அப்பா இந்தப் பையை உருவாக்கியதற்குக் காரணம், காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுகின்றன என்ற கவலை. நீடித்து உழைக்கும் பை, திரும்பத் திரும்ப எடுத்துப் போகலாம் என்பதுதான் அவர் எண்ணம். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கவரை மடித்து வைத்திருப்பாராம்.

நான் அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். மடித்துச் சட்டைப் பையில் வைக்க வேண்டும் என்று ஒருவர் உருவாக்கியதை உலகம் ஒரு முறை தூக்கிவிட்டுப் போடும் பொருளாக்கிவிட்டது. அதை அவர் நினைத்தபடி பயன்படுத்திக் கொண்டிருப்பவர், சுவீடன் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாமல், எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து சமோசா மடிக்கிறார். அதைக் குப்பை என்று தூக்கிப் போட்டவன் நான்.

ஆனால் இதை வைத்து அம்மாவுக்குக் கோயில் கட்டிவிடவும் முடியாது. கணக்கு அங்கேதான் இடிக்கிறது. 1982-இல் அமெரிக்காவின் பெரிய கடைச் சங்கிலிகளான சேஃப்வேயும் குரோகரும் காகிதத்தை விட்டுப் பிளாஸ்டிக் பைக்கு மாறின. காரணம் மரம் அல்ல, விலை. பையின் விலை ஒன்றுமில்லை என்று ஆனதும் கடைக்காரர் கேட்காமலே கொடுப்பார், இரண்டாகக் கொடுப்பார், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று கொடுப்பார். நம் ஊரிலும் அதுதான் நடந்தது. அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டுக்கு ஒரு கவர் வந்தால் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார்களாம். இப்போது ஒரு நாள் மார்க்கெட் போய் வந்தால் ஆறு கவர். மடிக்கிற கை இரண்டு, கொடுக்கிற கை ஊரெல்லாம். எந்த மடிப்பாலும் அதை ஈடுகட்ட முடியாது. வீடு சுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான். ஆணி தாங்காத அளவு வரும்போது பாதி எப்படியும் வெளியே போகும்.

வெளியே போனது எங்கே போகும் என்பதையும் பார்த்தேன். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசல்படி ஏறி உள்ளே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் கம்பியை விட்டுக் குத்தி எடுத்தபோது வந்ததெல்லாம் கவர். கறுப்பு, நீலம், கோடு போட்ட கவர். அதே இரவு பீரோவின் கீழ்த்தட்டில் தண்ணீர் புகுந்தபோது அப்பத்தாவின் பென்ஷன் புத்தகம், பத்திரம், என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் ஒரு சொட்டு நனையாமல் இருந்தன. ஜவுளிக்கடைக் கவரில் சுற்றி, அதை இன்னொரு கவரில் போட்டு, அப்பத்தா முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். தண்ணீரை உள்ளே கொண்டுவந்ததும் கவர்தான், காப்பாற்றியதும் கவர்தான். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

எங்கள் தெரு சின்ன உதாரணம். பங்களாதேஷில் 1988-லும் 1998-லும் வந்த பெருவெள்ளங்களை மோசமாக்கியதில் வடிகால்களை அடைத்த பாலிதீன் பைகளுக்குப் பங்கு இருந்தது என்று கண்டு, 2002-இல் மெல்லிய பைகளைத் தடை செய்தார்கள். அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். அதே 2002-இல் அயர்லாந்து வேறு வழியில் போனது. தடை இல்லை, பைக்கு 15 சென்ட் வரி. பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சும்மா கிடைத்தால் வாங்குகிறவர்கள், சில்லறை கொடுக்கச் சொன்னால் வீட்டிலிருந்து பை கொண்டுவருகிறார்கள்.

இந்தியா எடுத்த வழி மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் புரியும். 1999 விதிகளில் கேரி பேக் குறைந்தது 20 மைக்ரான் இருக்க வேண்டும் என்றார்கள். 2011-இல் அது 40, கூடவே கடைக்காரர் சும்மா கொடுக்கக் கூடாது என்று ஒரு வரி (அந்த வரியைப் படித்த கடைக்காரர் யாரையும் நான் சந்தித்ததில்லை). 2016-இல் 50. 2021 செப்டம்பர் 30 முதல் 75. 2022 டிசம்பர் 31 முதல் 120.

முதலில் எனக்கு இது வேடிக்கையாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் கெடுதல் என்றால் இன்னும் தடியாகப் போடு என்று சொல்வார்களா? யோசித்தால் அம்மாவின் கணக்கும் இதுதான். ரொம்ப மெல்லிய கவரை அவரும் மடிப்பதில்லை. பூக்கடைக் கவர், கொத்தமல்லி சுற்றி வந்த கவர் எல்லாம் கிழிந்துவிடும் என்று அன்றைக்கே குப்பைக்குப் போகும். பழைய பேப்பர்க்காரரும் அதை எடுக்கமாட்டார், கிலோ சேர்க்க ஆயிரக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஆனால் பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்துக் கொடுத்தால் காசு கொடுப்பார். தடிமன் ஏறினால் விலை ஏறும், சும்மா கொடுப்பது குறையும், வாங்கியவர் பத்திரப்படுத்துவார், போட்டாலும் பொறுக்க ஆள் இருக்கும். மைக்ரான் என்பது 'இது மடித்து வைக்கத் தகுந்ததா' என்ற கேள்விக்கு அரசாங்கம் போட்ட எண்.

யாரும் பொறுக்காத அந்த மெல்லிய கவருக்கும் மதுரையில் ஒருவர் வழி கண்டார். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். கவரைப் பொடியாக நறுக்கி, சூடாக்கிய ஜல்லிக்கல் மேல் தூவினால் உருகிக் கல்லைப் பூசிக்கொள்ளும். அதன் மேல் தார் நன்றாகப் பிடிக்கும். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுப் பார்த்தார். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே 2018-இல், ஜூன் 5-ஆம் தேதி சட்டமன்றத்தில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி தடையை அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. கேரி பேக் எந்தத் தடிமனாக இருந்தாலும் கிடையாது, மைக்ரான் பேச்சே இல்லை. பால் கவர் போன்றவற்றுக்கு விலக்கு. அந்தப் பொங்கல் சமயம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கறிக்கடைக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நின்றோம். அப்பத்தாவுக்குத்தான் கொண்டாட்டம், 'இப்பத்தான் புத்தி வந்திருக்கு' என்றார். எங்கள் ஆணிக் கவருக்குத் திடீரென்று மரியாதை கூடியது அப்போதுதான். தெருவில் இரண்டு மூன்று பேர் வந்து 'அக்கா, ஒரு கவர் இருக்குமா' என்று கேட்டு வாங்கிப்போனார்கள். கொரோனாவுக்குப் பிறகு கவர்கள் மெல்லத் திரும்பிவிட்டன. 2021 டிசம்பர் 23-ஆம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருடம் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வந்தது.

துணிப்பைக்கு மாறினால் போதுமா என்றால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை ஒரு முறை மட்டும் பயன்படுத்திய சாதாரணக் கவரைவிட நல்லது என்று பேர் வாங்க, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. அந்தக் கவர்களை எல்லாம் வீட்டில் குப்பைக்கூடைக்குள் விரிக்கத் திரும்பப் பயன்படுத்தினால்? அப்போது பருத்திப் பை 327 முறை உழைக்க வேண்டும். அதாவது கவரை இன்னொரு முறை எடுத்தாலே எண் இரண்டரை மடங்கு ஏறுகிறது. சாக்கடை, மாட்டு வயிறு, கடல் இதெல்லாம் அந்த எண்ணில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பத்தாவின் மஞ்சப்பை 327-ஐ எந்தக் காலத்திலோ தாண்டியிருக்கும். என் அலமாரியில் கருத்தரங்குகளில் கொடுத்த துணிப்பைகள் 9 இருக்கின்றன. ஒன்றையும் நான் கடைக்குக் கொண்டுபோனதில்லை.

துணி மாதிரியே இருக்கும் இன்னொரு பை இப்போது எங்கும் கிடைக்கிறது, பல வண்ணத்தில். அதுவும் பிளாஸ்டிக்தான், பாலிபுரொப்பிலீன் இழை. 2019 தடைப் பட்டியலில் அதுவும் உண்டு என்பது ரொம்பப் பேருக்குத் தெரியாது. அம்மாவின் ஆணியில் அதுவும் ஏறிவிட்டது.

147-ஐ மடித்த அன்றைக்கு நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். அடியில் கிடந்த ஒரு கவர், அம்மாவின் கல்யாணத்துக்குச் சேலை எடுத்த கடையினுடையது, 1996. கடை இப்போது இல்லை. கவரில் அச்சடித்திருந்த போன் நம்பரில் ஆறே இலக்கம். அம்மா அதைக் காட்டுவதற்காக விரித்தார். மடிப்புக் கோட்டிலேயே உடைந்து செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. பாலிதீன் மக்காதே தவிர, வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு அதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்துபோகும், பிறகு தொட்டாலே பொடியும். கூடத்துத் தரையெல்லாம் பொடி. துடைப்பத்தால் கூட்டினால் பறந்தது, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித்தான் எடுத்தோம். எத்தனை எடுத்தோம், எத்தனை கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். அழுத்திப் பார்த்து மொறுமொறுப்பாக இருந்தவற்றைத் தனியாக எடுத்துப் பால் கவரோடு வைத்தார். நல்லதில் 40 ஆணிக்குப் போனது. ஐந்தாறு என் வண்டி சீட்டுக்கு அடியில். மீதியை மார்க்கெட்டில் கீரைக்கார அம்மாவிடம் மொத்தமாகக் கொடுத்தோம். அவர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, 'மடிச்சு வேற வச்சிருக்கீங்களே தாயி' என்று சிரித்துவிட்டு எங்களுக்குக் கொடுத்த கீரையை அதிலேயே ஒன்றைப் பிரித்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரையைக் கட்டாகக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

முடிச்சுப் போட்ட ஏழு மட்டும் இன்னும் ஆணியில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் முக்கோணமா, முடிச்சா, சும்மா திணிப்பதா? யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டுச் சொல்லுங்களேன்.